லீவுக் கணக்கு

காலை ஐந்தே கால். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்னும் முழுசாக விழிக்கவில்லை. கோட்டைப்பட்டினத்தில் மீன் லாரிக்காரர்களும் டீக்கடை பாயும் மட்டும்தான் எழுந்திருந்தார்கள். மூன்றாவதாக நான். (டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை.)

"அண்ணே, ஒரு நிமிஷம்... இந்த போனைப் புடிங்க. நான் அந்தப் பாலத்தைத் தொட்டுட்டுத் திரும்பி வந்ததும் டக்னு அமுக்கணும்."

பதினெட்டு வயசு இருக்கும். பனியன், அரை டிராயர், காலில் கிழிந்த ஷூ. என் பதிலுக்குக் காத்திராமல் ஓட ஆரம்பித்துவிட்டான். போன் திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. 1,600 மீட்டர். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமில் அதை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் 60 மார்க். பீம் கம்பியில் தொங்கி பத்து முறை எழும்பினால் 40 மார்க். பல வருஷங்களாக ராமநாதபுரம், புதுக்கோட்டை, சிவகங்கைப் பையன்களுக்கு இது மனப்பாடம். வாய்ப்பாடு மறந்து போகும். இது மறக்காது.

எனக்கும் மறக்கவில்லை. பி.காம். இரண்டாம் வருஷம் படித்தபோது நானும் ஒரு முகாமுக்குப் போனவன்தான். ராத்திரியே மைதானத்து வாசலில் பேப்பர் விரித்துப் படுத்து, விடியற்காலையில் வரிசையில் நின்று, முதல் கட்டத்திலேயே திரும்பினேன். தமிழ்நாட்டுக்காரனுக்கு 166 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நான் 164-சொச்சம். அளவுகோலுக்கு அடியில் நைசாகக் குதிகாலைத் தூக்கினேன். பின்னால் நின்ற மீசைக்காரர் கெண்டைக்காலில் ஒரு தட்டு தட்டி, இந்தியில் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாது, ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்படியாக நாடு ஒரு சிப்பாயை இழந்தது, ஒரு ஆடிட்டர் ஆபீஸ் ஒரு குமாஸ்தாவைப் பெற்றது.

பையன் திரும்பி வந்தான். அமுக்கினேன். ஐந்து நிமிஷம் நாற்பத்தெட்டு.

"பத்தாதுண்ணே" என்று மூச்சிரைக்க ரோட்டோரம் உட்கார்ந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். "ஏம்ப்பா, படகுக்குப் போகலாம், சிங்கப்பூர் போகலாம்... எதுக்கு இது?"

"பழனி அண்ணனை எடுத்துட்டு வந்தாங்கள்ல... அப்ப நான் சின்னப் பையன். டி.வி-யில பாத்தேன். அப்ப முடிவு பண்ணுனது."

எந்தப் பழனி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கேட்க வேண்டியதில்லை.

* * *

எங்கள் ஊரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் மீமிசல், எஸ்.பி.பட்டினம், தொண்டி. தொண்டியில் மேற்கே திரும்பினால் திருவாடானை. அந்தத் தாலுகாவில் கடுக்கலூர் என்று ஒரு கிராமம். புதுக்கோட்டை மாவட்டம் முடிந்து ராமநாதபுரம் மாவட்டம் ஆரம்பித்துவிட்டது என்று போர்டு சொல்லும். மண் அப்படிச் சொல்லாது. அதே வானம் பார்த்த பூமி, அதே கண்மாய், அதே சீமைக் கருவேல். மழை வந்தால் நெல். வராவிட்டால் கரிமூட்டம்.

ஹவில்தார் கே. பழனி அந்த ஊர்க்காரர். விவசாயக் குடும்பம். பதினெட்டு வயசில் ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த மறு வருஷம், 1999-இல் கார்கில் சண்டை. வேறு எந்தப் பையனாக இருந்தாலும் வீட்டில், 'போதும், திரும்பி வந்துடு' என்றிருப்பார்கள். இவர் 22 வருஷம் இருந்தார். அண்ணனைப் பார்த்துத் தம்பியும் ராணுவத்தில் சேர்ந்தார்.

2020 ஜூன் 15 ராத்திரி, லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடன் நடந்த மோதலில் பழனி இறந்தார். வயசு நாற்பது. மனைவி, பத்து வயசில் ஒரு மகன், எட்டு வயசில் ஒரு மகள்.

பேப்பரில் இவ்வளவுதான் நிற்கும். எனக்குக் கணக்குப் போடும் வியாதி உண்டு. (ஆடிட்டர் ஆபீஸ் கொடுத்த சீதனம்.) பையன் போன பிறகு பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்.

சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. ஆக 90 நாள். 'அடேயப்பா, மூணு மாசமா!' என்று ஆபீஸ் நண்பர்கள் வாயைப் பிளக்க வேண்டாம். உங்களுக்கும் எனக்கும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு லீவு கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று கிடைக்கிறது. அதையெல்லாம் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

22 வருஷம், 90 நாள். பெருக்கினால் 1,980 நாள். அதாவது ஐந்து வருஷம் ஐந்து மாசம். எல்லா லீவும் சாங்ஷன் ஆகி, ஒரு நாள் கூட வெட்டுப்படாமல் இருந்தால்தான் இந்த எண். பழனி நிஜத்தில் எத்தனை நாள் எடுத்தாரோ, அது அவர் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நான் சொல்வது விதிப்புத்தகக் கணக்கு. விதிப்படி பார்த்தால் கூட, பத்து வயசுப் பையன் அப்பாவோடு லீவில் இருந்திருக்கக்கூடியது மிஞ்சிப் போனால் இரண்டரை வருஷம். அமைதியான ஊரில் போஸ்டிங் வந்து, குவார்ட்டர்ஸும் கிடைத்தால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். கிடைத்தால்.

அந்த 90 நாளிலும் ரயில் தின்னுவது போக மீதிதான். லடாக்கிலிருந்து இறங்கி தில்லி வந்து சேருவதே தனிக் கதை. தில்லியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு ராத்திரி. சென்னையில் இறங்கி எக்மோர் போய் ராமேஸ்வரம் ரயில் பிடித்தால் இன்னொரு ராத்திரி. கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளை பெயின்ட்டில் நம்பரும் பேரும் எழுதி, அதைக் கக்கூஸ் பக்கத்தில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து வரும் ஜவான்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரிசர்வேஷன் கிடைக்காமல் நாம் முறைத்தது அவர்களைத்தான்.

ஊருக்கு வந்தால்? எங்கள் பக்கத்து கிராமங்களில் மிலிட்டரிக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "எப்ப வந்தே?" இரண்டாவது, "எப்ப போறே?" மூன்றாவது, குரலைத் தாழ்த்தி, "கோட்டா கொண்டாந்தியா?" அந்த மூன்றாவது கேள்விக்குச் சாதகமான பதில் வந்தால் மாலையில் திண்ணை நிரம்பிவிடும். சீனாக்காரன் எப்படி இருப்பான், பனியில் குளிப்பது எப்படி என்று விடிய விடியக் கேட்பார்கள். இரண்டாம் நாள் காது குத்து, மூன்றாம் நாள் பத்திர ஆபீஸ், நாலாம் நாள் தங்கச்சி வீட்டுப் பஞ்சாயத்து. மூன்று மாச லீவுக்குள் ஒரு வருஷத்து வாழ்க்கையைத் திணித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுவார்கள்.

* * *

பழனி ராமநாதபுரத்தில் ஒரு வீடு கட்டினார். வீடு கட்டுவது என்றால் என்ன என்று, பக்கத்தில் நின்று கட்டியவர்களுக்கே தலை சுற்றும். செங்கல் லோடு, கம்பி விலை, கொத்தனார் வராத நாள். இவருக்கு அது எல்லாம் லீவிலும் போனிலும் நடக்க வேண்டிய காரியம்.

2020 ஜூன் தொடக்கத்தில் புதுமனை புகுவிழா நடந்தது. வீட்டுக்காரர் வரவில்லை. வர முடியவில்லை. மே முதல் வாரத்திலேயே லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் கைகலப்பு நடந்து, எல்லை கொதித்துக்கொண்டிருந்தது. இங்கே கொரோனா ஊரடங்கு. பால் காய்ச்சினார்கள். அதற்கப்புறம் பதினைந்து நாள் கூட ஆகவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எல்லை என்றால் கடல். பார்த்தால் தெரியாத கோடு. 2021 அக்டோபரில் எங்கள் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி மூழ்கியதாக மீனவர்கள் புகார் சொன்னார்கள். ஒரு இளைஞன் பிணமாகத்தான் வந்தான். ஆகவே தண்ணீரில் கோடு கிழித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். கல்வானிலும் அதே கதைதான். அங்கே கோடு மலையில். அதன் பெயர் 'அசல் கட்டுப்பாட்டுக் கோடு'. எங்கே இருக்கிறது என்பதில் இரண்டு தேசத்துக்கும் இரண்டு அபிப்பிராயம்.

சுமார் 14,000 அடி உயரம். அங்கே நாம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கீழே கல்வான் ஆறு, பனி உருகி ஓடும் தண்ணீர். ஜூன் 6-ஆம் தேதி இரண்டு தரப்பு ராணுவத் தளபதிகளும் பேசி, பின்வாங்கலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். சீனர்கள் அப்படிப் பின்வாங்கவில்லை என்ற தகராறில்தான் 15-ஆம் தேதி ராத்திரி மோதல் மூண்டது.

துப்பாக்கிச் சண்டை இல்லை! 1996-இல் இந்தியாவும் சீனாவும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் சுடக் கூடாது. அன்று ராத்திரி நம் வீரர்களிடம் ஆயுதம் இருந்தது, ஒப்பந்தத்தை மதித்து உபயோகிக்கவில்லை என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மூன்றாம் நாள் சொன்னார். ஆகவே இருபத்தோராம் நூற்றாண்டில், அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு தேசங்கள், கல்லாலும் கம்பியாலும் ஆணி அடித்த தடியாலும் அடித்துக்கொண்டன. ராத்திரியில், ஆற்றங்கரையில்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் நெஞ்சில் மாட்டிக்கொண்டது. பழனி காலாட்படைக்காரர் இல்லை. 81-வது ஃபீல்டு ரெஜிமென்ட். பீரங்கிப் படை! பீரங்கிக்காரனின் தொழில் என்ன? பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்குக்குத் தூரமும் கோணமும் கணக்குப் போட்டுக் குண்டு அனுப்புவது. எதிரியின் முகத்தைக் கூடப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் படையில் 22 வருஷம் ஊறிய மனிதர், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு குண்டும் வெடிக்காத சண்டையில் செத்தார். கூர்மையான ஆயுதங்களாலும் கற்களாலும் தாக்கியபோதும் அவர் நகராமல் நின்று, சகாக்களைக் காப்பாற்றப் பார்த்தார் என்றும், படுகாயத்தோடும் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் பின்னால் அரசாங்கம் கொடுத்த பாராட்டுப் பத்திரம் சொல்கிறது.

16-ஆம் தேதி மத்தியானம் ராணுவத்தின் முதல் அறிக்கை வந்தது. ஓர் அதிகாரி, இரண்டு வீரர்கள் மரணம். அதிகாரி, தெலங்கானாவின் சூர்யாபேட்டையைச் சேர்ந்த கர்னல் சந்தோஷ் பாபு. இரண்டு வீரர்களில் ஒருவர் பழனி. ராத்திரி இன்னோர் அறிக்கை. படுகாயம் அடைந்து, உறைய வைக்கும் குளிரில் கிடந்த இன்னும் 17 பேரும் போய்விட்டார்கள். மொத்தம் இருபது. அந்த எல்லையில் 1975-க்குப் பிறகு சண்டையில் உயிர் போனது அன்றுதான். சீனா தன் பக்கம் நாலு பேர் இறந்ததாக ஒப்புக்கொள்ள 2021 பிப்ரவரி வரை எடுத்துக்கொண்டது.

ராணுவம் வெளியிட்ட பட்டியலில் பழனியின் பெயருக்கு நேரே ஊர் என்ன போட்டிருந்தது தெரியுமோ? 'மதுரை'. கடுக்கலூரிலிருந்து மதுரைக்குப் போக எங்கள் ஆட்கள் விடியற்காலையில் கிளம்புவார்கள். ஆனால் தில்லியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் மதுரை பக்கம்தான். நான் ஒருவனாவது இங்கே திருத்தி எழுதுகிறேன். திருவாடானை தாலுகா, கடுக்கலூர்.

வீட்டுக்கு எப்படித் தெரிந்தது? ராணுவத்திலேயே இருந்த தம்பிக்குத்தான் முதலில் தகவல் வந்தது. தானும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு, அண்ணன் போன செய்தியை ஊருக்குப் போனில் சொல்வது... அந்த போன் காலைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அடுத்த பாராவுக்குப் போகிறேன்.

* * *

இ-பாஸ் காலம் அது. பக்கத்து மாவட்டத்துச் சாவுக்குப் போகவே விண்ணப்பம் போட வேண்டும். கல்யாணத்துக்கு இத்தனை பேர், கருமாதிக்கு இத்தனை பேர் என்று கணக்கு. 17-ஆம் தேதி ராத்திரி விமானப்படை விமானத்தில் உடல் மதுரைக்கு வந்தது. அங்கிருந்து ரோடு வழியாகக் கடுக்கலூர். 18-ஆம் தேதி காலையில் ராணுவ மரியாதை, துப்பாக்கி முழக்கம்.

சண்டையில் வெடிக்காத துப்பாக்கி கடுக்கலூரில்தான் வெடித்தது.

இருபது லட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் தருவதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 2021 குடியரசு தினத்தன்று மத்திய அரசு வீர் சக்ரா விருதை அறிவித்தது. அந்த வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி தில்லியில், அப்போதைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்தின் கையிலிருந்து பழனியின் மனைவி அதை வாங்கிக்கொண்டார். வெள்ளியில் ஐந்து முனை நட்சத்திரம். ரிப்பனில் பாதி கருநீலம், பாதி காவி.

இந்த மெடல் விஷயத்தில் கணக்குப்பிள்ளை புத்தி ஒன்றைக் கவனித்தது. நம் தேசத்தில் வீர விருதுகளுக்கு இரண்டு பேரேடு உண்டு. எதிரிக்கு முன்னால் காட்டிய வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. மற்ற சமயத்தில் காட்டிய வீரத்துக்கு அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. கல்வானில் யுத்தம் என்று யாரும் அறிவிக்கவில்லை. தில்லியும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, பீஜிங்கும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை பாட்டுக்கு நடந்தது, பாத்திர பண்டத்திலிருந்து செல்போன் வரை சீனச் சரக்கு பாட்டுக்கு வந்தது. ஆனால் சந்தோஷ் பாபுவுக்கு மகா வீர் சக்ரா, பழனிக்கு வீர் சக்ரா. ஆகவே, மெடல் கணக்கில் மட்டும் அது யுத்தம் என்று பதிவாகிவிட்டது. எந்த ஏட்டில் எழுதியிருந்தாலும் கடுக்கலூரில் கழித்தல் ஒன்றுதான்.

திருவாடானை வழியாக நான் பலமுறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒரு தடவை இறங்கிவிடலாம் என்று எழுந்தே விட்டேன். 'பத்திரிகையிலிருந்து வர்றேங்க, அவரைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்க எத்தனையோ பேர் ஏற்கெனவே வந்து போயிருப்பார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

* * *

மறுநாளும் பையன் வந்தான். போனை நீட்டினான். ஓடினான். ஐந்து நாற்பத்திரண்டு. ஆறு நொடி முன்னேற்றம்!

டீ சாப்பிடும்போது என் கணக்கை அவனிடம் விரித்தேன். "தம்பி, பழனி சேர்ந்த காலம் வேற. அப்ப பதினஞ்சு வருஷம் முடிச்சா பென்ஷன். இப்ப நீ போனா அக்னிவீர். நாலு வருஷம். அதுக்கப்புறம் நூத்துக்கு இருபத்தஞ்சு பேரைத்தான் வச்சுக்குவாங்க."

"தெரியும்ணே."

"முதல் வருஷம் முப்பதாயிரம் சம்பளம். அதுல ஒன்பதாயிரம் பிடிச்சுக்கிட்டு கையில இருபத்தோராயிரம். வெளிய வர்றப்ப மொத்தமா பதினொன்னே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. பென்ஷன் கிடையாது."

"பதினொன்னு புள்ளி ஏழு ஒண்ணு" என்று திருத்தினான். எனக்கு நாலு வார்த்தையில் தெரிந்ததை அவன் இரண்டு தசமத்துக்குத் துல்லியமாக வைத்திருந்தான். அக்னிபத் திட்டத்தை 2022 ஜூன் 14-ஆம் தேதி அறிவித்தார்கள். கல்வானின் இரண்டாம் நினைவு நாளுக்கு முதல் நாள். அப்போது சொன்ன எண் இது.

ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். "ஏதாவது ஆயிட்டா இன்ஷூரன்ஸ் நாப்பத்தெட்டு லட்சம் வரும், இன்னும் கொஞ்சம் வரும். ஆனா பழனி வீட்டுக்குக் கிடைக்கிற மாதிரி மாசா மாசம் குடும்ப பென்ஷன் வராது."

அவன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். கோபம் இல்லை. என்னைவிட அதிகமாக யோசித்தவன் மாதிரிதான் இருந்தான்.

"எங்க வீட்டுல லிண்டல் மட்டம் வரைக்கும் சுவர் ஏத்திட்டு நிக்குதுண்ணே. மூணு வருஷமா அப்படியே கிடக்கு, உள்ள ஆமணக்கு மொளைச்சிருச்சு. பதினொன்னு ஏழு வந்தா தளம் போட்டுடலாம். நான் இருக்கிறப்பவே போடணும்."

பாய் கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். காசு வாங்கவில்லை.

"நாளைக்கும் வருவீங்களாண்ணே? தனியா ஓடுனா போனைத் தூக்கிக்கிட்டே ஓட வேண்டியிருக்கு, ரெண்டு செகண்ட் அதுலயே போயிடுது."

வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமையா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும்தான் என்றான்.